ஜாடிக்குள் பாத்திரம் கழுவுகிறவர்கள்

பாய்லர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பெரிய ஆஸ்பத்திரியின் கிருமிநீக்கும் அறையில் நீராவி எந்திரங்களோடு பாதி ஆயுளைக் குடித்தனம் நடத்தியதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, துணி எல்லாம் அங்கே பொட்டலமாகக் கட்டப்பட்டு ஆவியில் வேகும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடாவில் கோடு கறுத்தால்தான் அது அறைக் கதவைத் தாண்டும். கோடு கொஞ்சம் வெளுத்திருந்தாலும் போச்சு, பெரிய டாக்டரே வந்து நின்றாலும் நடக்காது. "இன்னும் வேகல சார். அடுத்த ஈடுல வாங்கிக்கோங்க" என்று முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்வார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று சொல்லவே வேண்டாம். கல்யாணமான புதிதில், மனைவி கழுவி வைத்த டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கே பாத்திரம் கழுவுகிற வேலை அவர் தலையில் விழுந்தது. பிறகு இறங்கவே இல்லை. சமையல் டீச்சருக்கு, பாத்திரம் பாய்லருக்கு என்று ஆகிப்போனது.

டீச்சர் என்றால் அவர் மனைவிதான். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுப்பவர். நிச்சயம் செய்த நாளில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பாய்லர் வாய்தவறி "டீச்சர்" என்றார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அதையே நிலையாக வைத்துக்கொண்டார்கள். குழந்தை இல்லை. வீட்டில் இருந்த மூன்றாவது ஜீவன் ஒரு ஜாடி.

மிட்டாய்க் கடையில் வைத்திருப்பார்களே, வாயகன்ற பெரிய கண்ணாடி ஜாடி, அதுதான். வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து டீச்சர் அதில் மண் போட்டு, பாசி வைத்து, சின்னதாக ஒரு பெரணிச் செடி நட்டு, ஒரு நத்தையையும் விட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்துவிட்டார். அந்தப் பிள்ளைகளெல்லாம் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். ஜாடி மட்டும் சமையலறை ஜன்னலில் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நத்தை போய் நத்தையின் வாரிசு வந்து, அதன் வாரிசும் வந்தாயிற்று.

டீச்சர் வருஷா வருஷம் அதைப் பள்ளிக்கு இடுப்பில் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு போவார். "இதுக்குள்ள மூணு பேர் குடும்பம் நடத்துறாங்க. சமைக்கிறவங்க, சாப்பிடறவங்க, பாத்திரம் கழுவறவங்க. இலை சமைக்குது. வெளிச்சம்தான் அதுக்கு அடுப்பு. நத்தை உட்கார்ந்து சாப்பிடுது. அதுக்கப்புறம் உதிர்ந்த இலை, நத்தை போட்ட கழிவு, செத்துப்போனது, இத்தனையும் கிடக்குதே, யார் கழுவுவாங்க? பூஞ்சை, குட்டிக்குட்டியா குதிக்கிற வெள்ளைப் பூச்சி, கண்ணுக்கே தெரியாத கோடானுகோடி பேர். அவங்கதான் எல்லாத்தையும் மக்கவச்சு, மறுபடியும் செடி எடுத்துக்கிற மாதிரி மண்ணுல சேர்க்கிறாங்க. கழுவாத பாத்திரத்துல யாராவது சமைக்க முடியுமா?" என்பார். பிள்ளைகள் தங்கள் வீட்டில் யார் கழுவுகிறார்கள் என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்லும். "எங்க வீட்ல சார்தான். எங்க வீட்டுப் பூஞ்சை அவர்" என்று டீச்சரும் சேர்ந்துகொள்வார். இதைக் கேள்விப்பட்ட நாளில் பாய்லர் ராத்திரிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த டீச்சருக்குத்தான் ரத்தத்தில் கோளாறு வந்தது. ரத்தம் ஊறுகிற இடமே, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையே கெட்டுப்போயிருந்தது. கெட்டதை மருந்தால் அடியோடு அழித்துவிட்டு, தங்கையிடமிருந்து நல்லதை எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அது உள்ளே வேரூன்றிவிட்டால் பிழைப்பு. அதுவரை பாய்லர் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் தனியறை. பூ கூடாது, மண் கூடாது, யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

கிளம்புகிற அன்று காலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீச்சர் ஜாடி முன்னால் நின்றார்.

"தொடாதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. முக்கியமா, தொறக்காதீங்க."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"உங்களை எனக்குத் தெரியாதா? சும்மா பார்த்துக்கிட்டு இருங்க, அது போதும்." டீச்சர் கண்ணாடியில் விரலை வைத்தார். "யார் கையும் படாம இது பாட்டுக்கு நடக்குது பாருங்க. எனக்கு இதைப் பார்த்தாதான் தைரியமா இருக்கு. நான் திரும்பி வர்ற வரைக்கும் இது இருக்கணும்."

பாய்லர் தலையாட்டினார்.

தலையாட்டியது என்னவோ மனசார ஆட்டியதுதான். ஆனால் சிகிச்சை தொடங்கிய நாளில் டாக்டர் அவரை உட்காரவைத்து, இனி டீச்சர் உடம்பில் காவல் என்று ஒன்றும் இருக்காது, சின்னக் கிருமியும் பெரிய ஆபத்து, அதிலும் பூஞ்சை வந்தால் ரொம்பக் கஷ்டம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தச் சொல்லைக் காதில் சுமந்துகொண்டே பாய்லர் வீட்டுக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜாடிக்குள் உதிர்ந்து கிடந்த ஓர் இலையின் மேல் வெள்ளை வெளேரென்று பூஞ்சை.

வழக்கமாக இருப்பதுதான். வருஷக்கணக்காக அவரே பார்த்து மூஞ்சியைச் சுளித்ததுதான். ஆனால் அன்றைக்கு, டீச்சர் படுத்திருக்கும் அறைக்குள்ளேயே அது நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. பயந்துபோன மனுஷனுக்கு யோசிக்க வராது, கை பழகின வேலைதான் வரும். பாய்லர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். அழுகியதையெல்லாம் பொறுக்கி எறிந்தார். குதித்த வெள்ளைப் பூச்சிகளைத் துடைத்துப் போட்டார். செடியின் வேரையும் பாசியையும் அலசி எடுத்துவைத்தார். நத்தையைக்கூட விடவில்லை, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி ஒரு கிண்ணத்தில் கவிழ்த்து மூடினார். பிறகு மண்ணைத் துணியில் கட்டிப் பெரிய குக்கரில் வைத்து, அடுப்பைப் பற்றவைத்தார். விசில் மேல் விசில் வந்தது. வீடு பூராவும் மழையில் நனைந்த மைதானம்போல் வாசனை அடித்தது. மூட்டையின் மேல் ஆஸ்பத்திரி நாடா ஒரு துண்டு ஒட்டியிருந்தார். கோடு நன்றாகக் கறுத்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

மண் ஆறியதும் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தார். ஜாடியை உள்ளும் புறமும் பளபளவென்று துடைத்து, மெழுகு உருக்கி அடைத்து, போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினார்.

"அழகா இருக்கு" என்று பதில் வந்தது.

கொஞ்ச நாள் அழகாகத்தான் இருந்தது. பிறகு ஓர் இலை உதிர்ந்தது. உதிர்ந்தது அப்படியே கிடந்தது. இன்னொன்று உதிர்ந்து அதன் மேல் விழுந்து அதுவும் அப்படியே கிடந்தது. எதுவும் மக்கவில்லை, எதுவும் மண்ணோடு சேரவில்லை. நத்தை போட்டது போட்ட இடத்தில் இருந்தது. புதிதாக வந்த துளிர் வெளிறிப்போய், விரியத் தெம்பில்லாமல் சுருண்டது. நத்தை ஒரு மூலையில் ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

பார்த்துப் பார்த்துப் பாய்லருக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி திறந்தால் இன்னும் என்ன கெடுமோ என்று தொடாமல் விட்டார். வேலை முடிந்ததும் தினமும் டீச்சர் அறைக்கு வெளியே, தாழ்வாரத்துக் கண்ணாடி முன்னால் போய் நிற்பார். இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். தலைமுடி போய், கன்னம் ஒட்டிப்போய், டீச்சர் போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ஜாடி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு" என்பார் பாய்லர். பழைய போட்டோவையே கொஞ்சம் சாய்த்து வெட்டி அனுப்புவார். ஆஸ்பத்திரியில் வெளுத்த கோட்டைக் கறுப்பு என்று ஒருநாளும் சொல்லாத மனுஷன், வீட்டுக்காரியிடம் தினமும் பொய் சொன்னார்.

டீச்சரின் தங்கையிடமிருந்து எடுத்து ஏற்றியாகிவிட்டது. டாக்டர்கள் தினமும் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். "இன்னும் ஒண்ணும் தெரியல. பொறுங்க" என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அந்தத் தங்கை சரக்கு வண்டி ஓட்டுகிறவள். வாய் ஊருக்கே கேட்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அக்கா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"என்ன மாமா இது, பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கு? கீழ கிடக்கிற இலை ஒண்ணுகூட அழுகவே இல்லையே!"

பாய்லர் நடந்ததைச் சொன்னார். மச்சினி சிரிக்கவில்லை.

"அக்காகிட்ட சொல்லிடுங்க மாமா."

"வேணாம்மா. அவங்க உசுரே இதுலதான் இருக்கு. இது போச்சுன்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும். இப்ப மனசுதான் முக்கியம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"நீங்க சொல்லலைன்னா தெரியாதா? அக்கா டீச்சர் மாமா. பின்னாடி பெஞ்சுல மிட்டாய் சாப்பிட்டாலே கண்டுபிடிக்கிற ஆளு."

மறுநாள் டீச்சர் போனை எடுத்ததும் கேள்வியை மாற்றினார். "போட்டோ வேணாங்க. நாளைக்கு ஜாடியையே கொண்டுவாங்க. இந்தக் கண்ணாடிகிட்ட வச்சுப் பார்க்கணும்."

அன்று முழுக்கப் பாய்லருக்கு ஒரு பொட்டலமும் ஒழுங்காகக் கட்ட வரவில்லை. அறையில் வேலை பார்க்கும் பெண்கள், "அண்ணனுக்கு என்னாச்சு, நாடாவை உள்ள ஒட்டுறாரு" என்று கிசுகிசுத்தார்கள். கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொரு செடி வாங்கி நட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். யோசித்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஜாடியைச் சுத்தமான துணியில் சுற்றி, அனுமதி வாங்கி, தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் வைத்துத் துணியை எடுத்தார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"டீச்சர், நான் அதைத் தொறந்துட்டேன்" என்றார் பாய்லர்.

"தெரியும்."

"எப்படி?"

"முதல் போட்டோவுலயே தெரியும். ஜாடியோட உள்பக்கம் பளபளன்னு இருந்துச்சே. அடைச்ச ஜாடிக்கு உள்பக்கம் யாருங்க துடைப்பாங்க? உலகத்துலயே ஒரு ஆள்தான் துடைப்பாரு."

பாய்லருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அழுகினதை எடுத்தேன், பூச்சியைத் துடைச்சேன். மண்ணை வேகவச்சேன்."

"என்னது?"

"மண்ணை வேகவச்சேன்."

"அது தெரியாதே. எதுல?"

"குக்கர்ல."

"எந்தக் குக்கர்?"

பாய்லர் தலையைக் குனிந்துகொண்டார். "பெரிய குக்கர்."

"என் பெரிய குக்கர்லயா!" டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல், விலாவைப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் போய் உட்கார்ந்து சிரித்தார். எத்தனையோ நாளாக அந்த அறையில் கேட்காத சத்தம். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாய்லர் அழுதுகொண்டே நின்றார்.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க பயத்துல பண்ணீங்கன்னு தெரிஞ்சுது. நானும் பயந்துக்கிட்டுதான் கிடந்தேன். எனக்குத் துணைக்கு இன்னொருத்தரும் பயந்துக்கிட்டு இருக்காரேன்னு நினைச்சா கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. ஆனா தினமும் பொய் சொல்றீங்களே, அதைத்தான் தாங்க முடியல. அதான் கொண்டுவரச் சொன்னேன்."

"செத்துப்போச்சா டீச்சர்?"

"இன்னும் இல்ல. சமைக்கிறவங்க இருக்காங்க, சாப்பிடறவரும் இருக்காரு. பாத்திரம் கழுவறவங்களை மட்டும் நீங்க கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டீங்க. உங்க இனத்தையே தள்ளிட்டீங்களே!" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கும் குக்கர் போட்டாங்கதானே. உள்ள இருந்த நல்லது கெட்டது எல்லாத்தையும் அழிச்சு, காலி பண்ணி வச்சுட்டாங்க. அப்புறம் என் தங்கச்சிகிட்ட இருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டாங்க. இதுக்கும் அதையே பண்ணுங்க. உயிருள்ள மண்ணு ஒரு கைப்பிடி. நல்லா மக்கின இலையோட."

"போட்டும் பிடிக்கலைன்னா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று டீச்சருக்குப் புரிந்தது. கேட்ட பிறகுதான் அவருக்கே புரிந்தது.

"பிடிக்கலைன்னா பிடிக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நான் மட்டும் தனியா பார்க்கிற மாதிரி வைக்காதீங்க" என்றார் டீச்சர்.

கிருமிநீக்கும் அறைக்குப் பின்னால், ஆவிக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மூலையில், ஒரு மரத்தடியில் இலைக்குப்பை மேடு ஒன்று உண்டு. அதை எடுக்கச் சொல்லிப் பாய்லர் கொடுத்த புகார்களை அடுக்கினால் அதுவே ஒரு மேடாகிவிடும். தோட்டக்காரரும் அவரும் அதனாலேயே நேருக்கு நேர் பேசுவதில்லை. அன்று பாய்லர் கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு அந்த மேட்டின் முன்னால் குந்தியிருந்ததைத் தோட்டக்காரர் பார்த்தார்.

"என்ன பாய்லர், இதையும் ஆவியில வைக்கப் போறீங்களா?"

"ஒரு கைப்பிடி வேணும்" என்றார் பாய்லர். "உயிரோட."

தோட்டக்காரர் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார். பாய்லரின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேல இருக்கிறதை எடுக்காதீங்க. அது சும்மா சருகு. உள்ள கைய விடுங்க. கையுறையக் கழட்டுங்க அய்யா, சூடு தெரிய வேணாமா?"

பாய்லர் கையுறையைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிறவரின் போர்வைக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் கறுத்த மண், வெள்ளை இழைகள், பாதி இலையாகவும் பாதி மண்ணாகவும் ஏதேதோ, நடுவே குதிக்கிற பொடிப் பூச்சிகள். உதறிவிடத் துடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "வாங்க, எங்க வீட்டுல ஏகப்பட்ட பாத்திரம் கிடக்கு" என்று அதனிடம் மெல்லச் சொன்னார். தோட்டக்காரர் கேட்டும் கேளாதவர்போல் மரத்தைப் பார்த்தார்.

வீட்டில் ஜாடியைத் திறந்து, அந்தக் கைப்பிடியை உதிர்ந்த இலைகளின் மேல் தூவி, மறுபடி மெழுகிட்டார். அதன் பிறகு குளித்தார். மறுபடி குளித்தார். டீச்சர் இருக்கும் தாழ்வாரத்துக்குப் போகுமுன் கையைத் தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்தார். அதை மட்டும் யாராலும் மாற்ற முடியாது.

பிறகு இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள். "ஏதாவது தெரியுதா?" என்று டீச்சர் கேட்பார். "இல்ல. உங்களுக்கு?" என்று பாய்லர் கேட்பார். "இல்ல." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பொய் இல்லாததால் இருவருக்கும் தூக்கம் வந்தது.

ஒரு காலை, காப்பி டம்ளரோடு ஜன்னலுக்குப் போன பாய்லர் டம்ளரைக் கீழே போட்டார். அடியில் கிடந்த பழுப்பிலையின் ஓரத்தில் வெள்ளையாக, பஞ்சு பிரித்துப் போட்டதுபோல் ஒன்று படர்ந்திருந்தது. ஒரு பூச்சி அதன் மேல் குதித்தது. நத்தை ஓட்டுக் கதவைத் திறந்து ஒரு கொம்பை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிதறிய காப்பியைக்கூடத் துடைக்கவில்லை. ஓடினார். ஆஸ்பத்திரியில் போய்ச் சட்டை மாற்றி, கை கழுவி, தாழ்வாரத்தில் கண்ணாடி முன்னால் நின்று, போனை எடுக்கவும் மறந்து கத்தினார். "டீச்சர்! பூஞ்சை வந்துருச்சு! நல்லா வெள்ளை வெளேர்னு பூஞ்சை வந்துருச்சு!"

ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான தாழ்வாரத்தில், ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான மனுஷன் போட்ட கூச்சலில் நர்ஸுகள் ஆடிப்போய் ஓடிவந்தார்கள். டீச்சர் உள்ளேயிருந்து போனைக் காட்டினார். பாய்லர் எடுத்து, இலை எது, ஓரம் எது, பூச்சி எந்தப் பக்கம் குதித்தது, நத்தை எந்தக் கொம்பை நீட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டீச்சர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், நல்ல மாணவன் பதில் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"முடிஞ்சுதா?" என்றார் கடைசியில்.

"முடிஞ்சுது."

"இப்ப நான் சொல்லட்டுமா? டாக்டர் காலையிலேயே வந்துட்டுப் போனாரு." டீச்சர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் தங்கச்சி உள்ள வந்து வேலைய ஆரம்பிச்சுட்டாளாம்."

பாய்லர் போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சரும் மெல்ல உட்கார்ந்தார்.

"வீட்ல எவ்வளவு பாத்திரம் கிடக்கு?" என்றார் டீச்சர்.

"என்ன கிடக்கும், ஒரு தட்டு ஒரு டம்ளர்தான். இத்தனை நாளா அதுதானே."

"என் தட்டையும் எடுத்துக் கழுவி வைங்க."

அன்று சாயங்காலம் பாய்லர் அலமாரியிலிருந்து டீச்சரின் தட்டை எடுத்தார். தூசி படிந்திருந்தது. சும்மா கழுவினால் போதுமா, கொதிக்கிற தண்ணீரில் போடலாமா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். ஜாடிக்கு ஒரு நியாயம், டீச்சருக்கு ஒரு நியாயம் என்று முடிவு செய்து, தட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.